பதில் போடாத ஆள்

அலமாரியின் மேல் தட்டில் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துழாவியபோது மகளின் கையில் மூன்று பதிவுத் தபால்கள் அகப்பட்டன.

“சட்டை கிடைச்சுதாம்மா?” கூடத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். கூடத்தில்தான் அப்பா கிடந்தார். விடியற்காலையில், யாருக்கும் தொல்லை கொடுக்காமல், தூக்கத்திலேயே போய்விட்டார்.

தபால்கள் பிரிக்கப்படவே இல்லை. அனுப்பியது ஆலையின் ஓய்வு நிதி அலுவலகம், பெறுபவர் அப்பா. இரண்டு முகவரியும் அப்பாவின் குண்டு எழுத்து.

ஆலை மூடி நான்கு வருடமாகிறது. தொழிலாளர்களின் ஓய்வு நிதியைப் பிரித்துக் கொடுத்து முடிக்கும் வேலை குமாஸ்தாவான அப்பாவின் தலையில் விழுந்தது. பதில் போடாதவருக்கு மூன்று பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒருவர் பாக்கி என்றாலும் அலுவலகத்தை மூட முடியாது. வீடு மாறியவர், வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து கிழித்துப் போட்டவர், எல்லோரையும் தேடிப் பிடித்தார்.

அம்மா போன பிறகு தன்னோடு வந்துவிடும்படி அவள் கெஞ்சாத நாளில்லை. “ஒரே ஒரு ஆள் பதில் போடல. போட்டதும் பெட்டியக் கட்டிடறேன்” என்பார். அவருக்காக ஒதுக்கிய அறையில் ஒரு வருடமாகக் கட்டில் சும்மா கிடக்கிறது. முகம் தெரியாத அந்த ஆளை அவள் திட்டாத திட்டில்லை.

சட்டையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தபால்களோடு வாசலுக்கு வந்தாள். அப்பாவின் உதவியாளர் அங்கே கண்கள் வீங்க நின்றிருந்தார். எதிலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதால் அப்பா அவருக்கு வைத்த பெயர் முத்திரை.

“அந்தக் கடைசி ஆளு அப்பாவேதானா அண்ணா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மத்தவங்களுது போன வருஷமே முடிஞ்சுதும்மா.”

“அப்ப என்கூட இருக்கப் பிடிக்கல அவருக்கு.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா. அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு எனக்கு வரைஞ்சே காட்டியிருக்கார். ஆனா ஒன்பது மணிக்கு ஆபீஸ் பூட்டத் திறக்கலன்னா மனுஷனுக்கு...” முடிக்காமல் மூக்கைத் துடைத்தார். “போன வெள்ளிக்கிழமை, முறைப்படி, நான்தான் வந்து கதவத் தட்டினேன். அவரே திறந்தார். டீ போட்டுக் குடுத்தார். எதிர்ல உக்காந்துகிட்டு, ‘வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதுடா முத்திரை’ன்னார். எழுதினேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது.

“இனி வாரிசுன்னு நீ கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சுடும்மா,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “இப்ப வேணாம். அடுத்த வாரம் வரேன்.”

“வாங்க. டீ போட்டுத் தரேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதிக்குங்க.”

வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. அப்பா தேடிப் போய்க் கதவு தட்டிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.