தூளுக்குள் தேகாப்பியாசம்

கிழக்கு வெளுக்க முதலே ஆழ்வாப்பிள்ளையின் தூள் இடிக்கும் கொட்டிலில் உலக்கைகள் விழத் தொடங்கிவிட்டன. தாச்சியில் வறுத்த செத்தல் மிளகாயும் மல்லியும் சூடு ஆறமுதல் உரலுக்குள் விழவேண்டும், ஆறினால் நமுத்துப்போகும். உரலுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியின் உலக்கை இறங்க மற்றவளின் உலக்கை ஏறும். ஒருத்திக்கு மூச்சுத் தவறினால் மற்றவளுக்குக் கை தவறும். கண் எரியும், மூக்கு வழியும், துடைக்கக் கை ஒழியாது. துடைத்தாலும் கையில் இருப்பது மிளகாய்தான்.

போர்க்காலத்துப் பொருள் தடை வந்து மண்ணெண்ணெய் கண்ணில் படாமல் போனபோது கோப்பாயில் மில்லுகள் படுத்துவிட்டன. மில்லுக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை வைக்கவில்லை. மண்ணெண்ணெய் குடிக்காத, பட்டி அறாத, பழுதாகினால் தானே எழும்பிப் போய்விடுகிற இயந்திரங்கள் பள்ளிக்கூட விறாந்தைகளில் பாயில்லாமல் படுத்துக் கிடப்பதை அவர் கண்டுவிட்டார். மயிலிட்டிப் பக்கமிருந்து ஓடிவந்த பெண்கள் அவர்கள். அரித்தெடுத்த தூளின் நிறைக்குத்தான் கூலி என்று பேசினார். நிறைத் தட்டை யார் பிடிப்பது என்பதை மட்டும் பேசவில்லை.

கொட்டிலின் நாலு பக்கத்தையும் படங்குத் துணியால் மூடிக் கட்டியவரும் அவர்தான். காற்று உள்ளே வந்தால் தூளை அள்ளிப்போய்விடும். காற்று காசு கொடுக்காத வாடிக்கைக்காரன் என்பது அவருடைய கணக்கு. உள்ளே பறந்து கூரை வளையிலும் சுவரிலும் படிந்ததையும் அவர் விடுவதில்லை. பின்னேரத்தில் விளக்குமாற்றால் தட்டி, சிலந்தி நூலோடு விழுவதை அரிதட்டில் போட்டு அரித்து, நல்ல தூளோடு கலக்கவேண்டும். பகல் முழுக்க இருமியதும் தும்மியதும் அதற்குள்தான் இருக்கும். கடைகளில் அந்தத் தூளுக்கு நல்ல பெயர். நாக்குக்குக் கண் இல்லை.

உள்ளே இடி நடக்கும் அதே நேரத்தில் வெளியே முற்றத்தில் ஆழ்வாப்பிள்ளை நடந்துகொண்டிருப்பார். அவருக்கு மூச்சு முட்டும் வருத்தம். தினமும் விடியக் கைவீசி நடக்கவும், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடவும், மனத்தைக் கலங்கவிடாமல் இருக்கவும் கொழும்பு டொக்ரர் ஒருவர் சொல்லியிருந்தார். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் கழுத்தைச் சுற்றிய சால்வையுமாக வேப்பமரத்தையும் கிணற்றையும் சுற்றி வருவார். மூக்கால் இழுப்பார். வாயைக் குவித்து "ப்பூ" என்று விடுவார். கொட்டில் வாசலைக் கடக்கும்போது மட்டும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி வைத்து நடப்பார். கொட்டில் கட்டிய நாளிலிருந்து அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. மடியில் வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் இருக்கும். கிளாலிக் கடல்நீரேரி தாண்டி, கைமாறிக் கைமாறி வந்த பம்ப்.

அன்று மரியநாயகியின் உலக்கை பாதி வழியில் நின்றது. எதிரே நின்ற குணலட்சுமி தன் உலக்கையை உரல் விளிம்பில் அடித்துச் சமாளித்தாள்.

"என்னக்கா?"

மரியநாயகியின் நெஞ்சுக்குள் சீட்டி அடித்தது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறின. பெண்கள் உலக்கைகளைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். குணலட்சுமி முற்றத்துக்கு ஓடினாள்.

"ஐயா, உங்கடை பம்பை ஒருக்காத் தாங்கோ. ஒரேயொரு இழுப்பு. மனிசி நீலம் பாரிக்குது."

ஆழ்வாப்பிள்ளை நடையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பலன் குறையும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"பிள்ளை, வாயிலை வைக்கிற சாமானை ஆளுக்காள் குடுக்கிறதே? அருவருப்பில்லையே?"

கொட்டில் வாசலில் அரிதட்டு சாய்ந்து கிடந்தது. குணலட்சுமி அந்தத் தட்டைப் பார்த்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள். வளையில் தட்டிய ஊத்தையைத் தூளோடு கலக்கச் சொல்லும் வாயிலிருந்துதான் அருவருப்பு என்ற சொல் வந்தது.

"பயப்பட்டால்தான் கூடும் எண்டு சொல்லு. மூச்சை மெல்ல விடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் வேப்பமரத்தைச் சுற்றிப் போனார்.

குணலட்சுமிதான் சைக்கிள் எடுத்தாள். மரியநாயகியைப் பின்கரியரில் இருத்தி, விழாமல் பிடிக்க அடுத்த உரலில் நின்ற அருமைநாயகியைப் பக்கத்தில் ஓடவிட்டு, டிஸ்பென்சரிக்கு மிதித்தாள்.

அங்கே தாதி பியாட்றிஸ் மிஸி ஊசி போட்டாள். அலுமாரியில் மருந்துக் குளிசை இல்லை, அதற்கும் தடை. மூச்சு இறங்கி வரும்வரைக்கும் மரியநாயகியின் முதுகில் கை வைத்தபடி இருந்தாள்.

"எப்பவிருந்து உது?"

"சின்னனிலை இருந்தது, மிஸி. வளர விட்டிட்டுது. மயிலிட்டியிலை விடியக் கடற்கரையிலை மீன் எடுத்து, கடகத்தைத் தலையிலை வைச்சுச் சந்தைக்கு நடந்துதான் போறனான். ஒருநாளும் இழுத்ததில்லை. இஞ்சை வந்துதான் திரும்பத் துவங்கினது."

"நடக்கிறது நல்லம். அதை விட்டிடாதையுங்கோ. மெல்லத் துவங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. சுடு தேத்தண்ணியை ஊதிறமாதிரி மூச்சை வெளியிலை விடப் பழகுங்கோ. உடம்பு அசைய அசைய நெஞ்சு பலக்கும். ஆனால் தூளுக்குள்ளை நிண்டு எந்தத் தேகாப்பியாசம் செய்தும் பிரயோசனமில்லை. அது நஞ்சை வேகமா இழுக்கிற வேலை." பிறகு பியாட்றிஸ் கேட்டாள். "மனதிலை என்ன கிடக்கு?"

மரியநாயகி நிலத்தைப் பார்த்தாள்.

"ஐயா வேலையாலை நிப்பாட்டிப்போடுவார் எண்ட பயம்தான். இருமினா முற்றத்துக்குக் கேக்குமெண்டு அடக்கிறன். அடக்க அடக்க இழுக்குது. இந்தப் பிள்ளையள் என்ரை பங்கையும் சேர்த்து இடிக்குதுகள், மிஸி. நான் நிண்டவுடனை எல்லா உரலிலையும் கெதியா விழும், நிறை குறையாமல் இருக்க."

"கெதியா இடிச்சா...?" என்று தொடங்கினாள் பியாட்றிஸ்.

குணலட்சுமிக்கு முகம் வெளிறியது. மீதியை அவளே சொன்னாள். "தூசு கூடக் கிளம்பும். ஐயோ, அக்கா! உனக்காக எண்டு நாங்கள் இடிச்சதெல்லாம் உன்ரை நெஞ்சுக்குள்ளையல்லோ போயிருக்கு!"

"போடி விசரி," என்றாள் மரியநாயகி, குரல் இன்னும் சரியாக வராமல். "உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சிருக்க வேணும். நாங்கள் உனக்குக் காட்டின பாசத்திலை அவருக்குத் தூள் கூடிச்சுது. அதுக்கு அவர் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லேல்லை."

பின்னேரம் மூவரும் திரும்பியபோது ஆழ்வாப்பிள்ளை சாய்மனைக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸி என்னவாம்?"

"நடக்கட்டாம். உடம்பை அசைக்கட்டாம். மனதிலை கவலை வைக்க வேண்டாமாம்," என்று தொடங்கினாள் மரியநாயகி. தூளைப் பற்றிச் சொல்ல அவர் விடவில்லை. கதிரையின் கையில் தட்டினார்.

"பாத்தியே! நான் படிச்சுப் படிச்சுச் சொல்லேல்லையே? தேகாப்பியாசம்! உலக்கை போடுறதைவிட வேறை என்ன தேகாப்பியாசம் கிடக்கு? தோள், நெஞ்சு, முதுகு எல்லாம் வேலை செய்யுது. டவுனிலை ஆக்கள் காசு குடுத்துச் செய்யிறதை நான் காசு தந்து செய்விக்கிறன்."

"தூளுக்குள்ளை ஏலாதாம், ஐயா," என்றாள் குணலட்சுமி. "படங்கை அவிழ்க்க வேணும்."

"படங்கை அவிழ்த்தால் தூளுக்குக் கால் முளைக்கும். பேந்து நிறை குறையுது எண்டு நீங்கள்தான் குழறுவியள்." தேத்தண்ணியை உறிஞ்சினார். "மரியநாயகி, இனி நீ மற்றவையோடை சேராதை. உனக்குத் தனி உரல். உன்ரை பாட்டுக்கு இடி. மற்றவை இடிக்கிற நிறை உன்ரை உரலிலையும் வரவேணும். வராட்டில் பள்ளிக்கூடத்திலை இன்னும் எத்தினை பேர் கிடக்கினம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கடைக்காரர் சாக்கோடை வந்து நிக்கப்போகினம். எனக்குச் சுணங்க நேரமில்லை. ஆனா நீ ஒண்டையும் யோசியாதை. மனதை லேசா வைச்சிரு. கவலைதான் எங்கடை வருத்தத்துக்கு முதல் எதிரி."

எங்கடை வருத்தம் என்றார். ஒரே வருத்தத்தை இருவருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, காற்றையும் பம்பையும் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் அந்த உறவுமுறை கேட்கச் சகிக்கவில்லை.

"கவலையைக் கையிலை தந்திட்டுக் கவலைப்படாதை எண்டிறியள்," என்றாள் குணலட்சுமி.

"உனக்கு வாய் கூடிப்போச்சு, பிள்ளை."

"அது தூள் போற வழி, ஐயா. திறந்து பழகிப்போச்சு."

கிணற்றடியில் கால் கழுவும்போது பெண்கள் எல்லாரும் கூடினார்கள். குணலட்சுமி தன் யோசனையைச் சொன்னாள். படங்கை அவிழ்க்க அவர் விடமாட்டார். ஆனால் உரலுக்குக் காலில்லை, எங்களுக்கு இருக்கு. உருட்டி வெளியே கொண்டுவருவோம். வேப்பமர நிழலில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று இடிப்போம். மெல்ல இடிப்போம், மரியநாயகியின் மூச்சு எந்த வேகமோ அந்த வேகம்.

"நிறை குறையுமேடி," என்றாள் அருமைநாயகி. அவளுடைய புருசன் பள்ளிக்கூட விறாந்தையில் படுத்த படுக்கை. "குறைஞ்ச கூலியிலை நான் என்னத்தைக் காய்ச்சிறது?"

யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அது எல்லார் வயிற்றிலும் இருந்த கேள்வி.

"குறையும்தான்," என்றாள் மரியநாயகி. "உரல்வாயைப் பழஞ்சீலையாலை சுத்திக் கட்டினா கொஞ்சம் மிஞ்சும். எண்டாலும் குறையும். எனக்காக எண்டா வேண்டாம் பிள்ளையள், நான் விட்டிட்டுப் போறன்."

அருமைநாயகி சீலைத் தலைப்பை வாயில் வைத்து இருமினாள். தலைப்பை விரித்துப் பார்த்தாள். சளி செங்கல் நிறத்தில் இருந்தது. அதை மற்றவர்களுக்கும் காட்டினாள்.

"உனக்காக இல்லை," என்றாள். "எனக்கும் துவங்கியிட்டுது."

மறுநாள் ஆழ்வாப்பிள்ளை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது அவருடைய நடைபாதையில் உரல்கள் நின்றன. உருட்டிவந்த தடம் கொட்டில் வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் மண்ணை உழுதிருந்தது. உரலுக்கு ஓர் உலக்கையாக எல்லாம் ஒன்றாக ஏறின. மேலே சற்று நின்றன. ஒன்றாக இறங்கின. இடைவெளியில் மரியநாயகி உதடு குவித்து மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதுதான் அன்றைக்குத் தாளம்.

"ஆரைக் கேட்டு வெளியிலை கொண்டந்தனியள்? உள்ளுக்கு எடுங்கோ!"

யாரும் நிறுத்தவில்லை. சோளகக் காற்று சீலைக்கட்டையும் மீறி மெல்லிய செந்தூளைக் கிளப்பி அவர் பக்கமாகக் கொண்டுபோனது. லேஞ்சி மூக்குக்குப் போனது. கை மடிக்குப் போனது. பம்பை எடுத்து இழுத்தார். கண்கள் நீர் கட்டின. அவருக்குள்ளும் அதே சீட்டி அடிக்கத் தொடங்கியதை மரியநாயகி கேட்டாள். உலக்கையை உரலில் சாய்த்து வைத்தாள்.

"ஐயா, காத்து உங்கடை பக்கம் அடிக்குது. மாட்டுக்கொட்டில் பக்கமாப் போய் நில்லுங்கோ. அதிலை தூசு வராது. மூச்சை மெல்ல விடுங்கோ."

அவர் போய் நின்றார். போகாமல் முடியவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் நின்று தன் முற்றத்தைப் பார்த்தார்.

"இப்ப விளங்குதே, ஐயா?" என்று கேட்டாள் அருமைநாயகி. முந்தின நாள் தயங்கியவள் அவள்தான். "நீங்கள் பிடிச்சது ஒரு மூச்சு. நாங்கள் விடியத்துவங்கிப் பொழுதுபட மட்டும் பிடிக்கிறம். படங்கை அவிழுங்கோ. மூச்சு எடுக்க இடையிலை நேரம் தாங்கோ. வளையிலை தட்டிற ஊத்தையை நல்ல தூளோடை கலக்கிறதையும் நிப்பாட்டுங்கோ. கையாலை கலக்கிறது நாங்கள், வயித்தைப் பிரட்டுது."

"கண்டிசன் போடுறியளோ எனக்கு? ஒருத்தருக்கும் வேலை இல்லை! பள்ளிக்கூடத்திலை இருந்து ஆள் கொண்டாறன், இருந்து பாருங்கோ!"

"கொண்டாங்கோ," என்றாள் மரியநாயகி. "முற்றத்திலை இடம் கிடக்கு."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் இடியை நிறுத்தவில்லை. அருமைநாயகி அடிக்கடி வாசல் படலையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கிடப்பவர்களுக்கும் வயிறு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வெய்யில் ஏறியபோது அவர் திரும்பினார். பின்னால் ஒரு சின்னக் கூட்டம் பெண்கள் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் ஸ்ரெல்லா. மயிலிட்டியில் மரியநாயகியோடு மீன் கடகம் சுமந்தவள். இருவர் கண்ணும் சந்தித்தன.

"எங்கை இடிக்கிறது, ஐயா?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

ஆழ்வாப்பிள்ளை, மாட்டுக்கொட்டில் பக்கமாக நின்றபடியே, கொட்டிலைக் காட்டினார். "உதுக்குள்ளை. உதுகளின்ரை உரலுகளை உருட்டிக்கொண்டு போங்கோ."

ஸ்ரெல்லா கொட்டில் வாசலுக்குப் போய்ப் படங்கைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். சுவரெல்லாம் சிவப்பாகப் படிந்திருந்ததைப் பார்த்தாள். இருமிக்கொண்டு தலையை வெளியே எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளோடு வந்தவர்கள் அவளுடைய முகத்தையே பார்த்தார்கள். உரலடியில் உலக்கைகள் நின்றுவிட்டிருந்தன.

"என்ன பாக்கிறாய்? போ உள்ளுக்கு!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

ஸ்ரெல்லா சீலையைத் தூக்கிச் செருகினாள். முற்றத்தைக் குறுக்கே நடந்து வேப்பமர நிழலுக்கு வந்தாள்.

"இதிலை ஆருக்குக் கை மாத்தி இடிக்க வேணும்?"

மரியநாயகி உலக்கையை அவளிடம் நீட்டினாள்.