ஒரு மணிச் சங்கு

முழங்காலை மாற்றிக்கொண்டால் வலி போய்விடும் என்றார்கள். போனது போலத்தான். கூடவே தூக்கமும் போகும் என்று ஒருத்தராவது சொன்னார்களா? இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு, குன்னூர் தாண்டி மலைமேல் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்று தொடங்கியது இந்தக் கூத்து.

பிறந்ததிலிருந்து ஒருக்களித்துப் படுத்தவள் நான். இப்போது மல்லாந்துதான் படுக்க வேண்டுமாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும்; அதனாலேயே அது கூடாதாம், கால் மடங்கியே நின்றுவிடுமாம். குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள் என்றார் டாக்டர். போதாததற்கு வீக்கம் வற்ற ஐஸ் பை. மார்கழிக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி, கம்பளிக்குக் கீழே ஐஸ். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

சிரிக்க முடியாத விஷயம் வேறொன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்த என் அக்கா வேலாமணிக்குக் கடைசி மூன்று வருஷம் நினைவு தப்பிவிட்டது. கேட்டதையே இரண்டு தரம் கேட்பதில் ஆரம்பித்தது. ஒருநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்து, "நீங்க யாருங்க, எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. எனக்கு இப்போது அறுபத்து மூன்று.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் தேயிலை ஃபேக்டரி. முப்பது வருஷமாக எங்கள் இலை போவது அங்கேதான். பச்சை இலை விலை விழுந்து ஆறேழு வருஷம் ஆகிறது. விழுந்தது எழுந்திருக்கவே காணோம் என்றாலும் ஃபேக்டரி சங்கு மட்டும் தவறாது. காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஐந்து. எங்கள் சுவர்க் கடிகாரம் மழைக்காலத்தில் படுத்துக்கொள்ளும். சங்கைக் கேட்டுத்தான் அதைத் திருப்பி வைப்போம். உலை வைப்பதும் அந்தச் சங்குக்குத்தான், மாத்திரை போடுவதும் அந்தச் சங்குக்குத்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியவிடிய விழித்துக் கிடந்தேன். ஆறு மணி ஆகியிருக்கும் போலிருந்தது. சங்கைக் காணோம். வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, சங்கு ஊதலீங்களா?"

"அப்பவே ஊதிருச்சே. நீதான் அசந்து தூங்கிட்டிருந்தே புஷ்பா."

தூங்கினேனா? சரி, தூங்கியிருப்பேன். வலி மாத்திரை அப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் மறுபடியும் கேட்டேன். ஊதியாயிற்று, நீ தூங்கினாய் என்றார். சாயங்காலமும் அதே பதில். அடுத்த நாளும் அப்படியே. எனக்குத் தெரிந்து நான் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. ஓட்டில் விழுகிற பனித்துளியைக்கூட எண்ணிக்கொண்டு கிடந்தவள் நான். ஆனால் ஊரே கேட்கிற சங்கு, நான் தூங்குகிற அந்தக் கொஞ்ச நேரமாகப் பார்த்து மூன்று வேளையும் ஊதுகிறதாம். தூங்கவே இல்லை என்று நினைக்கிற நான் எப்போது தூங்கினேன்? தூங்கினது தெரியாமல் ஒருத்தி தூங்க முடியுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. தலை சுற்றினால் தூக்கம் எங்கே வரும்?

பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, உண்மையாகவே ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலில் சாம்பல் வெளிச்சம், வெளியே மூட்டமாகப் பனி. விடிந்துவிட்டது என்று எழுந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பல் விளக்கினேன். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தேன். அடுப்படியில் நின்றிருந்த வீட்டுக்காரரிடம், "இன்னும் இலை பறிக்கப் போகலீங்களா? வெயில் வந்துருமுங்க" என்றேன்.

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "மணி சாயங்காலம் அஞ்சரை புஷ்பா" என்றார்.

எங்கள் மலையில் பனி இறங்கினால் காலையும் மாலையும் ஒரே முகம்தான், யாருக்கும் வரக்கூடிய குழப்பம்தான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. கிழித்த தாளை மறுபடி ஒட்டவா முடியும்? அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேலாமணியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

மகள் அனுராதா திருப்பூரிலிருந்து தினமும் போன் செய்வாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னேன், சங்கு என் காதில் விழுவதே இல்லை என்று. அவள், "செவ்வாய்க்கெழமை ரிவியூவுக்கு வர்றப்ப மூளை டாக்டரையும் பாத்துரலாம்மா. பெரியம்மாவுக்கு இருந்ததால சொல்றேன், பயப்படாதீங்க" என்றாள். பயப்படாதீங்க என்று சொன்னால் பயப்படாமல் இருக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் போனை வாங்கி, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் கண்ணு, தூங்குனாச் சரியாப் போயிரும்" என்று வைத்துவிட்டார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. இவரும் கண்டுகொண்டார், என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. முழங்காலுக்குப் போய்த் தலை போய்விட்டதே.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். படுத்திருந்தால்தானே தூங்குகிறேன் என்கிறார்? உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் பன்னிரண்டரைக்கே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எதிரே ஒரு முக்காலியில் காலை நீட்டிக்கொண்டேன். வெயில் பளிச்சென்று அடித்தது. பக்கத்து வீட்டு மருதாம்பாளைக் கூப்பிட்டு, கூட உட்காரச் சொன்னேன். சாட்சி வேண்டுமல்லவா? அவள் மொச்சைக்கொட்டையைக் கொண்டுவந்து உரித்தாள். நான் வேண்டுமென்றே வாய் ஓயாமல் பேசினேன். பேசுகிறவள் தூங்க முடியாது.

ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. சங்கு ஊதவில்லை. சத்தியமாக ஊதவில்லை.

"மருதாம்பா, சங்கு கேட்டுச்சா?"

அவள் மொச்சையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஊதுச்சுங்களேக்கா. நீங்க பேசிட்டே இருந்தீங்க, கேட்டிருக்காது."

அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்கவில்லை, காதும் அடைக்கவில்லை. அவள் மொச்சை உரிக்கிற சத்தம்கூடக் கேட்டதே. ஊர் முழுக்கக் கேட்ட சங்கு எனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், நான் எங்கே இருக்கிறேன்? அழுதேன். மருதாம்பாளும் அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் இலைச் சாக்கோடு படியேறி வந்தவர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "ஒரு மணிக்கு ஊதுச்சுங்களா?" என்று அவரையும் கேட்டேன். தொண்டையைச் செருமிவிட்டு, "ஊதுச்சு" என்றார்.

அன்று முழுக்க, செவ்வாய்க்கிழமை போய் டாக்டர் என்ன பேர் வைக்கிறாரோ வைக்கட்டும் என்று கிடந்தேன். ஆனால் மறுநாள் மதியம் சோற்றைத் தின்றுவிட்டு அவர் சாக்கை எடுத்துக்கொண்டு போனதும், எனக்குள் ஒரு வீம்பு வந்தது. சங்கு எனக்குக் கேட்கவில்லை, சரி. சங்கு ஊதுகிற குழாயைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா? ஊதும்போது அதில் வெள்ளையாக ஆவி கிளம்பும். மணி பன்னிரண்டரை. வளைவு வரை நடந்துவிட்டால் ஃபேக்டரி தெரியும். நல்ல காலத்தில் ஐந்து நிமிஷ வழி. வாக்கரோடு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றேன். மருதாம்பாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று.

வளைவுக்குப் போவதற்கு முன்பே வாடை அடித்தது. புளித்த வாடை. மேட்டோரம் இடுப்பளவுக்கு ஒரு குவியல். தேயிலை. அடியில் கறுத்து மக்கியது, நடுவில் சிவந்தது, மேலே இன்றைய பச்சை. கையை உள்ளே விட்டேன், கொதித்தது. கொட்டி வைத்த இலை அப்படித்தான் சூடேறும். இரண்டு இலை ஒரு மொட்டு, நார் இல்லாமல் சுத்தமாகப் பறித்தது. இப்படிப் பறிக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒருத்தர்தான் மிச்சம். அவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். ஃபேக்டரி புகைபோக்கியில் புகை இல்லை. கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பூட்டுக்குக் கீழே ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. அதற்காவது தூக்கம் வந்ததே.

பின்னால் சாக்கு விழுந்த சத்தம். வீட்டுக்காரர்.

"நீ எப்படி இவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பழனிச்சாமி என்கிற அந்த மனுஷன், எழுபது வயதில், சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பங்க மூடுனாங்க?"

"நாம கோயமுத்தூர்ல இருந்தப்பவே. வேற ஃபேக்டரிக்காரங்க அவங்காளுங்க இலையவே வாரத்துக்கு மூணு நாள்தான் எடுக்கறாங்க. பறிக்காம வுட்டா செடி மரமாயிரும். அதான் பறிச்சுப் பறிச்சு இங்க..." குவியலைக் காட்டினார். "உனக்கு நல்லாத் தூக்கம் வேணும், கவலப்பட வுடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. தெருவுல எல்லாருத்துகிட்டயும் சொல்லி வெச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஃபேக்டரியையே மறைத்திருக்கிறார். அதுவும் நான் தூங்குவதற்காக.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஏக்கருக்கும் இனி என்ன வழி என்று தெரியாமல் நடு ரோட்டில் நின்றுகொண்டு சிரித்தேன். அவர் பயந்து போனார். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது கத்த ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"நேத்து நான் அழுதுட்டு உக்காந்திருந்தேன். பாத்தீங்கல்ல? வேலாமணியாட்டம் ஆயிட்டேன்னு நெனச்சு அழுதேன். அப்பவும் ஊதுச்சுன்னு எப்படிங்க வாய் வந்துச்சு? ஃபேக்டரி மூடிட்டாங்கன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்."

அவர் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னால் அப்படித் தாழ உட்கார முடியாது, கால் மடங்காது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றேன். இவரைத் திட்டுவதா, தோளில் சாய்ந்துகொள்வதா என்று உண்மையாகவே விளங்கவில்லை. ஒன்று மட்டும் எனக்கு உடனே வேண்டியிருந்தது.

"சொல்லுங்க. நேத்து ஒரு மணிக்குச் சங்கு ஊதுச்சா?"

"வுடு புஷ்பா."

"ஊதுச்சா?"

"ஊதல."

"முந்தாநேத்து?"

"ஊதல."

"அதுக்கு முந்தின நாள்?"

வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள். ஒரு நாளையும் நான் விடவில்லை. ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க் கேட்டேன். முதலில் கோபமாகச் சொன்னார், பிறகு அலுப்பாக. பத்து பதினொன்றுக்கு மேல் அவர் குரல் உடைந்துவிட்டது. ஃபேக்டரிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட இந்தப் பத்தொன்பது நாளும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. விடட்டும் என்று நான் கேட்பதை நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொரு தரம் ஊதல என்றபோதும் என் தலை என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"வந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும் ஊதல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

அப்போது எனக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது.