மாற்று விமானம்

ஐஸ் உருகி ஓடிய தண்ணீரைச் சரசு பழைய துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள். அப்பா சக்கரபாணி இறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பெஞ்சில் கிடத்தி, சுற்றிலும் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஊதுவத்தியை மீறி வாடை வரத் தொடங்கியிருந்தது.

“இன்னா சரசு, இன்னும் ஒரு வண்டி ஐஸா?” என்றார் சித்தப்பா சடையன். “மூஞ்சியே மாறிப்போச்சும்மா. எங்கண்ணன இப்படிப் பாக்க முடியல. எடுத்துடலாம்.”

“தம்பி வந்துடுவான் சித்தப்பா.”

“அது ஏரோப்பிளேனா, இல்ல செங்கம் போற பஸ்ஸா? நாளெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது!”

துபாயிலிருந்து தம்பி ராமகிருஷ்ணன் எதிர் லாட்ஜுக்கு இரண்டு முறை போன் செய்திருந்தான். முதல் முறை, தான்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அழுதான். நேற்று, “பிளேன் ரிப்பேரு அக்கா. எல்லாரையும் தரையில குந்த வெச்சிட்டான். வேற வழியே இல்ல. எனக்காக அப்பாவ வெச்சிரு அக்கா” என்றான். அந்த அழுகைக்காகத்தான் அவள் உறவு முழுவதையும் எதிர்த்து நின்றாள்.

காலையில் மாலையோடு ஒருவர் வந்தார். கீழ்பென்னாத்தூர் முருகையன். துபாயில் ராமகிருஷ்ணனோடு வேலை செய்பவர். அதே விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவர். உடலைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“இன்னும் எடுக்கலியாம்மா?”

“தம்பிக்காகத்தான். நீங்க எப்படிங்க வந்தீங்க? பிளேன் ரிப்பேராச்சே?”

“ரிப்பேர்தான். டிக்கெட்டுக்குக் காசு வாங்கிகினல்ல, வேற கம்பெனி பிளேன்ல ஏத்தி வுடுறது உன் பொறுப்புன்னு கவுண்டர்ல சண்ட போட்டேன். இவரு அப்பா செத்துட்டாருன்னு உங்க தம்பியக் காட்டித்தான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் சீட்டு குடுத்தான்.”

“அப்புறம்?”

“பெட்டி பழைய பிளேன்லயே மாட்டிகிச்சு. வீடியோ டெக்கு வாங்கியிருக்கான். வுட்டுட்டு வந்தா காணாமப் பூடும், பெட்டியோடவே வரேன்னுட்டான்.” அவர் குரல் தாழ்ந்தது. “எடுத்துடச் சொல்லி போன் பண்ணிட்டேன்னு சொன்னானேம்மா.”

வாளியில் மரத்தூள் மிதந்தது. சரசு கையிலிருந்த துணியை அதில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“சித்தப்பா, எடுத்துடலாம்.”

இப்போது சடையன்தான் தயங்கினார். “இத்தினி நேரம் பொறுத்தாச்சு. சாயங்காலம் வரைக்கும் வேணா...”

“எடுங்க.”

“கொள்ளி?”

“உங்க அண்ணன்தானே. நீங்க வைங்க.”

மத்தியானம் பாடை புறப்பட்டது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பாவின் தலை இருந்த இடத்தை மட்டும் சரசு துடைத்துத் துடைத்து ஈரம் போக்கி, அங்கே விளக்கேற்றினாள். திரி நிமிர்வதற்குள் வாசலில் டாக்சி நின்றது.

ராமகிருஷ்ணன் அவளைக் கட்டிக்கொண்டு கதறினான். “பாவிங்க ஏத்தவே மாட்டேன்னுட்டானுங்கக்கா! கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“இப்பதான் போனாங்க. மேளம் கேக்குது பாரு. ஓடுனா புடிச்சிடலாம்.”

அவன் திரும்பினான். டாக்சிக்காரர் அட்டைப்பெட்டியைக் கூடத்து ஈரத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்.

“யோவ், தண்ணியில வெக்காதய்யா!”

வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். விளக்கைச் சுற்றித்தான் தரை காய்ந்திருந்தது. விசும்பிக்கொண்டே பெட்டியை விளக்குப் பக்கத்தில் இறக்கினான். அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவினான். பிறகுதான் ஓடினான்.

மேளச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டிவிட்டது. சரசு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.