மூன்றாம் ஓலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு நான் ஞானையா அத்தானுக்குப் பெண்சாதியாக இருந்திருப்பேன்.

அத்தான் என்றால் என் அக்காள் பியூலாவின் புருஷன். ஜார்ஜ் மன்னர் பட்டாபிஷேகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு முந்தின வருஷம் பியூலா பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் சுரத்தில் செத்துப்போனாள். அவளுக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. பிள்ளைக்கு அத்தானுடைய அம்மாவின் பேரையே வைத்தார்கள், சாரம்மாள் என்று. உள்ளங்கை அகலப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பேர்! பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆட்டுப்பால் புகட்டி அவளை வளர்த்தது நான். அவளுக்குப் பல் முளைத்ததை முதலில் கண்டதும் என் விரல்தான், நறுக்கென்று கடித்தாள்.

அப்போது அத்தானுக்குச் சிலோனில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. பிள்ளையையும் கொண்டுபோகிறேன் என்றார். நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. என் அப்பா அப்பாத்துரை கோர்ட்டுக் குமாஸ்தா, அவருக்கு எதற்கும் ஒரு வழி தெரியும். ராணியை, அதாவது என்னை, இவனுக்கே கட்டி வைத்துவிட்டால் இவனும் போகமாட்டான், பிள்ளையும் போகாது என்றார். அக்காள் போனால் தங்கையைக் கட்டுவது ஊரில் நடக்கிறதுதான். ஆனால் நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். செத்த மனைவியின் தங்கையைக் கட்டக் கூடாது என்று எங்கள் சபையில் சட்டம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பேரை ஆராதனையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். பாளையங்கோட்டையில் எங்கள் ஓலையை வாசித்தால் சபை முழுக்க எழுந்து நின்றுவிடும்.

அதனால் அப்பா வண்டி கட்டி எங்களைத் திசையன்விளைக்குப் பக்கத்தில், செம்மண் தேரி மேட்டில் இருந்த ஒரு சிற்றூருக்குக் கூட்டிப் போனார். அங்கே அத்தானின் பெரியப்பா வீடு இருந்தது. எங்களை வேறு யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் தங்கி, ஓலை வாசித்து, கல்யாணத்தையும் முடித்துவிடுவதாகத் திட்டம். அப்பா போட்ட கட்டளை ஒன்றே ஒன்று, பியூலா பேரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் நான் சரி என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அத்தான் வேண்டாம், பிள்ளை வேண்டும்.

முதல் ஓலைக்கு என் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்துப் பாயில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழவில்லை. இரண்டாம் ஓலைக்கும் எழவில்லை. அந்த வாரம்தான் சாரம்மாள் முதல் அடி எடுத்து வைத்தாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தில், அம்மா, பியூலா மாதிரியே காலை அகட்டி நடக்கா பாரு என்று கத்திவிட்டேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். பெற்ற தாய், பெற்ற மகளின் பேரைக் கையால் பொத்துகிறாள்! என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேரே கிணற்றடிக்குப் போனேன். அத்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுங்கள் என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஒங்க வீட்டுல விட்டா, அவ அம்மை பேர ஆரு அவகிட்ட சொல்லுவா? மூணு வாரத்துலயே மூடிட்டாவளே."

"என்னைக் கட்டிக்கிட்டா மட்டும் ஆரு சொல்லுவாவளாம்?" என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு சாரம்மாளுக்கு முதல் பிறந்தநாள். பிறந்தநாளுக்குக் கோயிலில் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். அந்த ஊரில் தேங்காய், கருப்பட்டி, கோழி என்று கையில் உள்ளதை வைப்பார்கள். இன்னார் மகள் இன்னாருக்காக என்று கூடவே ஒரு சீட்டு எழுதி வைத்தால், ஆராதனை நடத்துகிற உபதேசியார் சபை கேட்க வாசிப்பார். ஞானையாவின் மகள் சாரம்மாள் என்று மட்டும் எழுது, அதற்குமேல் ஓர் எழுத்து கூடாது என்றார் அப்பா. அப்படியே எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். ஏன், இந்தப் பிள்ளை வானத்திலிருந்தா விழுந்தது? சீட்டைக் கிழித்தேன். 'பாளையங்கோட்டை அப்பாத்துரையின் மூத்த மகள் காலஞ்சென்ற பியூலா பெற்ற சாரம்மாளின் முதல் பிறந்தநாளுக்காக' என்று இன்னொன்று எழுதி, கருப்பட்டி நிறைத்த கொட்டானில் செருகி, எல்லோருக்கும் முன்னால் போய்க் கோயில் வாசலில் வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தான் தோளில் மஞ்சள் கவுனோடு சாரம்மாள் வருகிறாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குதித்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது எவ்வளவு சரி! அந்தச் சீட்டை வாசித்தால் கல்யாணம் நின்றுவிடும், இந்தப் பிள்ளை தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிடும். வாசலுக்கு ஓடினேன். கொட்டானைக் காணோம். அதற்குள் உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். மேஜை வரைக்கும் போனேன், கையைக்கூட நீட்டிவிட்டேன். உபதேசியார் என்னைப் பார்த்துச் சிரித்து, கல்யாணப் பொண்ணுக்கு என்ன அவசரம், போய் உக்காரு தாயி என்றார். மணி அடித்துவிட்டது.

ஓலை வாசித்தார். மூன்றாம் முறையும் கடைசி முறையும் கேட்கிறேன், தடை உண்டா என்றார். காணிக்கைகளுக்கு நடுவே கால் கட்டிக் கிடந்த ஒரு கோழி மட்டும் கெக்கெக் என்றது. அப்பா பெருமூச்சு விட்டது பெண்கள் பக்கம் வரை கேட்டது. பிறகு சீட்டுகளை எடுத்தார். நாலாவது என்னுடையது. அவர் பாட்டுக்குக் கடகடவென்று வாசித்து முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓலையைத் திரும்ப எடுத்து, 'அப்பாத்துரை குமாரத்தி ஜெபராணி' என்று மெதுவாக வாசித்தார். சீட்டைப் பார்த்தார். அப்பாவின் பிடரி வேர்த்து வழிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் எதுவும் கேட்காமல் கோழியின் காலில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்து வாசித்தார்.

"என் மனைவி, காலஞ்சென்ற பியூலா பெற்ற சாரம்மாளுக்காக. ஞானையா."

கண்ணைத் திறந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், அவரும் எழுதியிருக்கிறார்!

"அண்ணாச்சி, பியூலாங்கது ஆரு?" என்று உபதேசியார் அப்பாவைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"எங்க அக்கா."

இவ்வளவுதான் சொன்னேன். உபதேசியார் ஓலையை மடித்து வைத்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் அப்பா என் முகத்தில் விழிக்காமல் வண்டியைக் கட்டச் சொன்னார். நான் உடைமுள் மரத்தடியில் நின்றேன். அத்தான் பிள்ளையோடு வந்தார்.

"பிள்ளை போயிரும்னு தெரிஞ்சுமா எழுதினே?"

"தெரிஞ்சுதான். கோவத்துல. நீங்க?"

"கோவம்லாம் இல்ல. அவ பேர விட்டுட்டு எழுத கை வரல." பிறகு சாரம்மாளைத் தோளிலிருந்து பிரித்து என் கையில் கொடுத்தார். "கப்பலுக்கு நான் மட்டும் போறேன். ஒங்கிட்ட இருந்தா அவளுக்கு அம்மை பேரு இருக்கும். வருசா வருசம் காணிக்கைச் சீட்டு நீயே எழுது, ராணி."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் குமுறிக் குமுறி அழுதேன். பியூலா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அத்தான் செம்மண்ணில் நடந்து போக, சாரம்மாள் அவர் போன திசைக்கே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் பிள்ளையிடம் பியூலாவைப் பற்றியே பேசினேன். பியூலா மாங்காய் திருடியது, பியூலா பாட்டில் சுருதி தப்பியது, பியூலா என்னைக் கிள்ளியது. பாளையங்கால் வாய்க்காலைத் தாண்டுகிறபோது அம்மா பிள்ளையின் காலைத் தொட்டாள்.

"பியூலாவுக்கும் இதே மாதிரிதான், சுண்டுவிரல் உள்ள மடங்கி இருக்கும்" என்றாள்.