இரண்டாம் மாடி வரை

பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. நிறுத்தி வைத்தால் நுழையும் என்று சவ வண்டிக்காரர் அளந்து பார்த்துச் சொன்னார். "நிறுத்தியா?" என்றாள் இறந்தவரின் மனைவி, அந்தக் கட்டடத்துக்கே அக்கா. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரிட்ஜ் மெக்கானிக்குத்தான் முகம் செத்துவிட்டது. ஏனென்றால் வண்டிக்காரர் சொல்வதற்கு முன்பே அவனும் மனசுக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தான். பிரிட்ஜைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். தொழில் புத்தி சாவு வீட்டிலும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிடுகிறது.

ஆக, நாலு மாடியையும் படி வழியாகத்தான் இறக்க வேண்டும். பெட்டிக்கு நாலு கைப்பிடி, நாலு ஆள். வண்டிக்காரருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் வேலை வாசலில்தான் தொடங்கும். மெக்கானிக் ஒருத்தன். மீதி மூன்று பேர் வேண்டும். இருபது வீடு இருக்கிற கட்டடத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் கிடைக்க மாட்டார்களா என்று யாராவது கேட்டால், அவர் அந்த ஊர்க்காரர் அல்ல என்று அர்த்தம்.

இறந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்குத் தெருவில் பெரிய பூனை என்று பெயர். மெக்கானிக் சின்னப் பூனை. இரண்டும் மதில்மேல் பூனை வகையறா. ஊரில் இருப்பது இரண்டே கட்சி, நீலமும் மஞ்சளும். பல் டாக்டரைக்கூட நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற காலத்தில், சட்டையில் எந்தக் கட்சி ரிப்பனும் குத்தாமல் சாயங்காலம் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற பஸ்களின் கியர் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள் இருவர்தான். மெக்கானிக்கின் நடுநிலையில் பெரிய கொள்கை எதுவும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டு பிரிட்ஜையும் திறந்து பார்த்தவன் அவன். இரண்டிலும் பின்மூலையில் காய்ந்த அரை எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்த பிறகு யாரையும் மனசாரத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. பெரியவருடையது அப்படி அல்ல. அவர் யோசித்து நடுவில் போய் நின்றவர். அதனால் அடி அவருக்குத்தான் விழுந்தது.

மழைக்காலத்தில் நீலக்காரர்கள் கீழ்த்தள பேக்கரியின் கண்ணாடியைக் கல்லால் அடித்தார்கள். அடுத்த வாரம் மஞ்சள்காரர்கள் மூன்றாம் மாடி ஆடிட்டரின் மகன் கையை உடைத்தார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் பெரியவர் எழுந்து, கல்லெறிந்ததும் தப்பு, கையை உடைத்ததும் தப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் பேசினார். என் பிள்ளை கையும் அவன் கடைக் கண்ணாடியும் ஒன்றா என்று ஆடிட்டர் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள் என்று பேக்கரிக்காரர் கத்தினார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அவர் படியில் ஏறினால் கதவுகள் சாத்திக்கொண்டன. வணக்கம் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டாக்டருக்குப் படிகளைப் பற்றித் தெரியாது.

மெக்கானிக் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். முதலில் எல்லாருக்கும் முதுகுவலி. பிறகு ஆடிட்டர் இரங்கினார். ஆனால் பேக்கரிக்காரர் தோள் பக்கத்தில் தன் தோள் வராது என்றார். பேக்கரிக்காரரும் இரங்கினார். அக்கா முகத்துக்காக வருகிறேன், அந்த ஆள் பிடித்த பக்கம் நான் பிடிக்க மாட்டேன் என்றார். ஏழு தடவை ஏறி இறங்கிய பிறகு ஒப்பந்தம் ஒன்று உருவானது. நாலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை நீலம் மூன்று பேர், அங்கிருந்து வாசல் வரை மஞ்சள் மூன்று பேர். நாலாவது கைப்பிடி முழுதூரமும் மெக்கானிக்குடையது. தான் சாகும் முறை வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தான். நல்லவேளை, அவன் வீடு முதல் மாடி. இரண்டு ஆள் போதும், ஒரு பக்கத்துக்கு ஒன்று.

மேல்பாதி நன்றாகவே நடந்தது. திருப்பங்களில் கால்பக்கத்தை உயர்த்தச் சொன்னான், உயர்த்தினார்கள். இரண்டாம் மாடி வந்ததும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். கீழ்த் திருப்பத்தில் மஞ்சள்காரர்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் அசையவில்லை.

நீலம் மேலே போனால்தான் வருவோம் என்றது மஞ்சள். மஞ்சள் வந்து தூக்கினால்தான் போவோம், இல்லாவிட்டால் போட்டுவிட்டு ஓடிவிட்டோம் என்று தெருவெல்லாம் பேசுவார்கள் என்றது நீலம். மெக்கானிக் பத்துப் படி இறங்கி அதைச் சொன்னான், பத்துப் படி ஏறி இதைச் சொன்னான். ஒரு தரப்பு பேசுவது மற்றத் தரப்புக்குத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் தூதன் வேண்டியிருந்தது.

கடைசியில் பேக்கரிக்காரர் கீழிருந்தே சொன்னார்: "இந்தா சின்னப் பூனை, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பெரியவர் கடைசியா யாருக்கு ஓட்டுப் போட்டாரு? எங்களுக்குன்னா இந்த நிமிஷமே தூக்கறோம். வண்டி முன்னாடி எங்க கொடியையே கட்டி அனுப்பறோம்."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுங்க, சொல்லுங்க. எங்களுக்குன்னா மிச்சப் படியும் நாங்களே பாத்துக்கறோம். அவங்க தயவு ஒண்ணும் வேண்டாம்."

மெக்கானிக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. ஆனால் பொய்க்கு அதெல்லாம் தேவையில்லையே. ஒரு நிறத்தைச் சொன்னால் பெட்டி பஞ்சுபோல இறங்கிவிடும்; உயிரோடு இருந்தவரை ஒரு ரிப்பன்கூடக் குத்தாத மனுஷன் கொடியோடு தெருவில் போவார். இறந்தவருக்கு என்ன தெரியப்போகிறது. கீழே வண்டிக்காரர் ஹாரனை ஒருமுறை மெதுவாக அழுத்தினார். மெக்கானிக் வாயைத் திறந்தான். "உங்களுக்குத்தான்" என்று சொல்வது என்று முடிவாகியிருந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது என்பதுதான் பாக்கி.

"தம்பி, சொல்லாதீங்க."

அக்கா மேல் திருப்பத்தில் நின்றிருந்தாள். கைப்பையைக் குறுக்காக மாட்டி, வெளியே கிளம்பத் தயாராக. இறங்கி வந்து, ஆடிட்டரைத் தாண்டி, பெட்டியின் தலைமாட்டில் குனிந்தாள்.

"தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கறேன்."

"அக்கா, உங்களால முடியாது. பாரம் பூரா இறங்கும்."

"எந்தப் பக்கம் இறங்கும்?"

"கீழ நிக்கிறவன் பக்கம்."

"அப்போ நீங்க கீழ நில்லுங்க" என்றாள்.

அவன் இரண்டு படி இறங்கி, முகம் பெட்டியைப் பார்க்க நின்றுகொண்டான். அக்கா மேலிருந்து நகர்த்தினாள். தரையின் விளிம்பைத் தாண்டியதும் பெட்டி சாய்ந்தது. உள்ளே ஏதோ மெல்ல நகரும் சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். முழுப் பாரமும் அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவனுக்குப் பின்னால் மஞ்சள்காரர்கள் வழிவிட்டு இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும் உரசல் கேட்டது. மேலே ஆடிட்டரின் ஒரு கை பாதிதூரம் நீண்டு, அப்படியே நின்றது. மெக்கானிக் வலது காலைப் பின்னால் விட்டு, காற்றில் துழாவி, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தேடினான்.