வாசல் பக்கத்து மேசை

பாய்லர்காரர் முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது. வட்டி கேட்காத புண்ணியவான் என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார்.

சலவைக்கூடத்துப் பாய்லர் கிழடுதட்டிப் போனது. நீராவி கொஞ்சம் ஏறினாலே சேஃப்டி வால்வு திறந்து சீறும். இஸ்திரிப் பெட்டிகள் ஆறி, வேலை படுத்துவிடும்.

"அந்த வால்வுக் கம்பியில ஒரு இரும்பைத் தொங்க விடுய்யா. உன்னை மாதிரியே வாயை மூடிக்கிட்டுக் கிடக்கும். மாசம் ஆயிரம் பாக்கியில கழிச்சுக்கறேன்" என்றார் முதலாளி.

பாய்லர்காரர் பழைய ஸ்பேனர் ஒன்றைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி ஸ்பேனரைப் பார்த்ததும் எல்லோரையும் வெளியே ஓடச் சொல்லிக் கத்தினார். ஒன்றும் வெடிக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாகப் பாய்லர்காரர் மேல் வழக்கு. முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்பதற்குச் சாட்சி கிடையாது. முதலாளி அபராதத்தோடு கழன்றுகொண்டார்.

"தெரிஞ்சு செஞ்சா ஒரு கணக்கு, தெரியாமச் செஞ்சா வேற கணக்கு. இவ்வளவு ஆபத்துன்னு தெரியாதுன்னு சொல்லுங்கண்ணே" என்றார் இலவசமாக வந்த வக்கீலம்மா. பாய்லர்காரரும் கோர்ட்டில் அப்படியே கிளிப்பிள்ளையாகச் சொன்னார்.

பிறகு அவர் மனைவியைக் கூண்டில் ஏற்றினார்கள். அவளும் அங்கேதான் இஸ்திரி போட்டாள்.

"நீங்க எந்த மேசையில நின்னீங்க?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"முன்னாடி பாய்லர் சுவரை ஒட்டி. அப்புறம் வாசல் பக்கம்."

"ஏன் மாறினீங்க?"

"இவருதான் மாறச் சொன்னாரு. அங்க சூடு ஜாஸ்தி, ஆபரேஷன் பண்ண உடம்பு தாங்காதுன்னாரு." பெருமையாகத்தான் சொன்னாள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு ஆர்டர் புதுசா வந்த வாரம்."

"ஸ்பேனர் தொங்கினதும் அதே வாரம்னு உங்க வீட்டுக்காரர் வாக்குமூலத்துலயே இருக்கு. உங்க பழைய மேசையில அப்புறம் யாரு நின்னாங்க?"

அவள் பின்பெஞ்சைப் பார்த்தாள். அங்கே கூட இஸ்திரி போடும் நெட்டை உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து எழ முடியாமல் கிடந்தபோது இவளைத் தோளில் தாங்கி நடக்கவைத்த கூட்டாளி.

"நெட்டை" என்றாள் மெதுவாக. கணவன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் என்னை மாத்துனீங்களா? அவளை ஏங்க அங்க விட்டீங்க?"

"எல்லாரையும் மாத்த வாசல்கிட்ட மேசை இல்லடி."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும் சாகலைங்கறது உங்க அதிர்ஷ்டம். நீங்க செஞ்ச உபகாரம் இல்லை" என்றார் நீதிபதி. ஒன்றரை வருடம் போட்டார்.

காவலர்கள் அழைத்துப் போகையில் முதலாளியின் கணக்கர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பாக்கி முழுசையும் முதலாளி தள்ளிட்டாரு. இனி சல்லிக்காசு தர வேணாம்."

"வீட்டுல சொல்லிடுங்க."

மனைவி கோர்ட் வாசற்படியில் நெட்டையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கணக்கர் குனிந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி தலையை ஆட்டினாள். பாய்லர்காரர் நின்ற பக்கம் இருவருமே பார்க்கவில்லை.