உடையாத கல்லின் ரிப்போர்ட்

விடியும் முன்பே அடையாற்றின் பாறைப் பரிசோதனைக் கூடத்தில் அறுப்புச் சக்கரம் அலறத் தொடங்கிவிட்டது. கரீமுல்லாவின் முழங்கை வரை கல்சேறு. தண்ணீரைப் பீச்சிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பாறையில் துளைத்தெடுத்த உருளைக் கல்லைத் தள்ளினான். பாதி அறுப்பிலேயே அது அடுக்கோடு அடுக்காகச் சாய்வாய் வழுக்கிப் பிளந்தது. மூன்றாவது கல்! பாழாய்ப்போன கை என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

எட்டு வருஷமாக அப்படித்தான். அறுக்கையில் உடைந்தால் அறுத்தவன் பிசகு. முதலாளி கண்ணில் படுமுன் குப்பையில் தள்ளிவிடுவான். முழுசாகத் தேறியதை மட்டும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி இயந்திரத்தில் நிறுத்தி அழுத்துவார். இந்த முறை பதினாலு டன் தாங்கியது என்று எழுதியிருந்தார்.

குப்பை அள்ள வந்த பேச்சியம்மாளின் கண்கள் வீங்கியிருந்தன. வடபழனியில் கடைக் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் முந்தாநாள் பாறைச் சுவர் சரிந்து அவள் தம்பியின் கால் நசுங்கிவிட்டது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இவர்கள் அறுப்பதும் அதே பள்ளத்துக் கல்தான்.

உடைந்த துண்டைத் தடவிப் பார்த்தாள். "தம்பி கால்ல விழுந்ததும் இப்படித்தான் வழுக்கிட்டு வந்துச்சாம்ணே."

கரீமுல்லாவுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி! பிசகு கையில் இல்லை, கல்லில். நோஞ்சான் கல்லையெல்லாம் தானே ஒளித்துவிட்டு, கெட்டிக் கல்லை மட்டும் சாட்சிக்கு அனுப்பியிருக்கிறான். அவமானத்தில் உடம்பு எரிந்தது.

அண்ணாச்சியையும் கூப்பிட்டுக்கொண்டு மூவரும் குப்பையைக் கிளறினார்கள். முனை மட்டும் உடைந்த ஒரு கல் அகப்பட்டது. அடுக்குகள் நல்ல சாய்வு. அண்ணாச்சி முனையைத் தேய்த்து இயந்திரத்தில் நிறுத்தினார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. படீர்! நாலே டன்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி ஆனந்தகுமார் வந்தார். "ரெண்டு மணிக்கு ஆளுங்க திரும்பப் பள்ளத்துல இறங்கணும். பாறை கெட்டி, சுவருக்கு முட்டு தேவையில்லன்னு ரிப்போர்ட் போகணும். எங்கே?"

"சாய்ஞ்ச கல்லு நாலு டன்ல ஒடஞ்சு பூடுச்சு சார். அதையும் எழுதணும்," என்றான் கரீமுல்லா.

"குப்பையில கிடந்ததை எழுதவா லேப் நடத்துறேன்?"

"இன்னா சார் நியாயம் இது? ஒடையாத கல்ல மட்டும் அமுக்கிப் பாத்துட்டு, சுவரே ஒடையாதுன்னு எழுதிக்கினு கீறோம்!"

"இஷ்டமில்லேன்னா வெளிய போ. கேட்டைத் தாண்டினா திரும்ப வரக் கூடாது."

கரீமுல்லாவுக்கு வீட்டில் ஐந்து வயிறு. இருந்தும் கேட்டை நோக்கி நடந்தான். அண்ணாச்சி இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். "நானும் போறேன்யா." பேச்சியம்மாள் உடைந்த கற்களை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். மூவரும் வடபழனி பஸ்ஸில் ஏறினார்கள்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளத்தின் விளிம்பில் நாற்பது பேர் முண்டாசு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எறங்காதீங்கப்பா!" கரீமுல்லா கத்தினான். "இந்தக் கல்ல அறுத்தவன் சொல்றேன். தப்பு என்னுது. சுவரு நிக்காது, எறங்காதீங்க!"

கற்களை வாங்கிக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். சித்தாள் அமீனா பீ இரண்டு விரலால் ஒன்றைப் பிட்டாள். அடுக்கு கழன்று வந்தது. அவள் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஆண்கள்.

"நாளைக்கு வேலைன்னு வருவீங்கல்ல, அப்ப இருக்கு!" மேஸ்திரி பல்லைக் கடித்தான்.

"வருவோம் நைனா," என்றாள் அமீனா பீ. "முட்டுக் குடுத்துட்டுக் கூப்டு."

கரீமுல்லா உட்கார, யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.